ஒன்பது வருட விருந்தாளியும் ஒரு சட்டி ஃபட்ஜும்

அடுப்படி வாசலை அடைத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் மரக் கரண்டி. முதுகுக்குப் பின்னால், மேடை மேல், ஐம்பது பேருக்கான ஃபட்ஜ் ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே என் சின்னத்தை. அதாவது என் மாமியாரின் தங்கை. மீமிசலிலிருந்து வந்து இறங்கி முகம்கூடக் கழுவாமல் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏத்தா மல்லிகா, சட்டில என்ன?”

“இனிப்பு, சின்னத்தை.”

“இனிப்புதானே, பாம்பு இல்லையே. நகரு, ஒரு கிண்டு கிண்டி விட்டுட்டு வாரேன்.”

“கிண்டக் கூடாது.”

சின்னத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய எழுபது வயதில் எத்தனையோ மருமகள்களைப் பார்த்திருக்கிறார். கிண்டக் கூடாது என்று சொன்னவள் நான்தான் முதல் ஆள் போலிருக்கிறது. கையிலிருந்த கருவாட்டுப் பையை அப்படியே சுவரோரம் வைத்தார். அந்தப் பையையாவது வாசலில் வைக்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை என் மகள் காவ்யாவுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஹாலில் ஏற்கெனவே ஏழு பெண்கள். எல்லோருமே எங்கள் வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தம். அந்த ஏழு பேரில் ஒருவர்தான் என் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் ஃபட்ஜைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

பால்கோவாவுக்குத் தூரத்துச் சொந்தம்

மாப்பிள்ளைப் பையன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது எல்லோரும் கொண்டுவருகிற சாக்லேட் டப்பாவோடு, பழுப்பு நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய ஒரு மிட்டாயும் கொண்டுவந்தார். காவ்யா ஒன்று தின்றாள். எங்கள் வீட்டுக்காரர் சர்க்கரை வியாதிக்காரர், அரை தின்றார். மீதியை நான் தின்றேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

பல்லில் ஒட்டாமல், நறநறவென்றும் இல்லாமல், நாக்கில் வைத்ததும் கரைந்து போனது. பெயர் ஃபட்ஜ் என்று காவ்யா சொன்னாள். டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பால், சர்க்கரை, வெண்ணெய், கோகோ. அவ்வளவுதான். அட, இது நம் பால்கோவாவுக்குத் தூரத்துச் சொந்தமாயிற்றே, இதையா விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன். பூ வைக்கிற அன்றைக்கு இதையே நம் கையால் செய்து மாப்பிள்ளை வீட்டாருக்குத் தட்டில் வைத்து அசத்திவிட வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

நான் அப்படித்தான். முப்பது வருடம் தாலுகா ஆபீசில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பழக்கம். முடிவு முதலில் வரும், விசாரணை பிறகு.

விசாரணையில் தெரிந்தது இது. ஃபட்ஜ் அமெரிக்காவில் பிறந்தது. ஏதோ ஒரு மிட்டாய் செய்யப் போய், பாகு கெட்டு, அந்தக் கெட்டதே ருசியாக இருந்து புதுப் பண்டமாகிவிட்டது என்று ஒரு கதை சொல்கிறார்கள். சத்தியம் செய்ய ஆளில்லை. ஆனால் அதை ஊர் முழுக்கப் பரப்பியவர்கள் அங்கே பெண்கள் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படித்த பெண்கள் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். வார்டன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, அறையில் கேஸ் விளக்குச் சூட்டில் சின்னச் சட்டியை வைத்துக் காய்ச்சுவார்களாம். ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்குச் செய்முறை கடிதத்தில் போயிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்கள் மேல் அன்பே வந்துவிட்டது. நான் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். நாங்கள் அதிகபட்சமாகச் செய்த குற்றம், இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி அதன் மேல் அப்பளம் சுட்டது. அதற்கே பாதி விடுதிக்கு ஃபியூஸ் போய், மூன்று நாள் எங்கள் அறைக்கு மட்டும் சாயங்காலக் காபி கிடையாது. அவர்களோ உலகத்துக்கு ஒரு பலகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

கை வைக்கக் கூடாத பண்டம்

செய்முறை சுலபம்தான். இரண்டு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் பால், அரை டம்ளர் கோகோ. அடிகனமான சட்டியில் போட்டு, சர்க்கரை கரையும்வரை கிண்ட வேண்டும். கொதி வந்த பிறகு தீயைக் குறைத்துவிட்டு விலகிவிட வேண்டும். நமக்குப் பாகு பதம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். உடனே இறக்கி, மேலே ஒரு கட்டி வெண்ணெயை வைத்துவிட்டு அப்படியே ஆறவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஆறுகிறவரை அதைக் கிண்டக் கூடாது, ஆட்டக் கூடாது, கரண்டி நுனிகூடப் படக் கூடாது. சூட்டில் கிண்டினால் சர்க்கரை பெரிது பெரிதாகப் பூத்து, வாயில் மணலாக இருக்கும். சட்டியின் அடி வெறும் உள்ளங்கை தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகு, மினுமினுப்பு போகிறவரை கை ஓயாமல் அடித்துக் கிண்ட வேண்டும். மினுமினுப்பு போன அந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும்.

ஒரு காரியத்தைத் தொடாமல் வைத்திருப்பது எப்படி என்று அரசாங்க ஊழியரான எனக்கா தெரியாது? ஆபீசில் நான் தொடாமல் வைத்த பைல்களை அடுக்கினால் மாடிப்படி கட்டலாம். ஆனால் அது ஆபீஸ். இது கறம்பக்குடியில் ஒரு வீட்டு அடுப்படி.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைகிற பெண், அடுப்பில் சட்டி இருந்தால் சும்மா நிற்க மாட்டாள். நின்றால் அது மரியாதைக் குறைவு. அங்கிட்டு இருக்கிற வெங்காயத்தில் ரெண்டை உரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டியில் ஒரு கிண்டாவது கிண்ட வேண்டும். ‘நான் வேற்றாள் இல்லை’ என்பதை வாயால் சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. கரண்டியால்தான் சொல்வோம்.

முதல் ஒத்திகையைப் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா முடித்துவைத்தார். கொடியில் துணி எடுக்க நான் போன இரண்டு நிமிடத்தில் தயிர் உறை கேட்டு வந்தவர், கிண்ணத்தை வைத்துவிட்டுச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். “நல்ல வேள நான் வந்தேன், அடி பிடிச்சிருக்கும்” என்றார். நான் நன்றி உள்ளவளாகத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

இரண்டாவது ஒத்திகையை எங்கள் வீட்டுக்காரரே முடித்துவைத்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்த மனிதர் தன் காபியைக்கூடக் கலக்கிக் குடித்தவர் இல்லை. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் சட்டியைப் பார்த்திருக்கிறார். இரண்டு கிண்டு கிண்டியிருக்கிறார்.

“ஏங்க, ஒங்களுக்கு என்ன வந்துச்சு?”

“ஒத்தையா கெடந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு.”

அந்த அமெரிக்க விடுதியில் ஃபட்ஜ் ஏன் நன்றாக வந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அங்கே முப்பது பெண்கள் இருந்திருப்பார்கள். ஒரு சின்னத்தைகூட இருந்திருக்க மாட்டார்.

‘போய் உக்காருங்க’

இப்போது என் வயிற்றில் புளியைக் கரைத்தவருக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, ராஜாமணி. நான் கூப்பிடுவது அண்ணி என்று. விராலிமலையில் ஹைவே ஓரம் அவர்களுக்கு டயர் கடை. லாரி டிரைவர்களையே அதட்டி வேலை வாங்குகிற குரல்.

இந்த வீடு கட்டி நாங்கள் குடிவந்த நாளில் அண்ணி விடிகாலையிலேயே வந்துவிட்டார். கேசரிக்கு அவர்தான் கரண்டி பிடித்தார். எனக்கு அப்போது புதுப் பதவி உயர்வு. ஆபீசிலும் வீட்டிலும் என் தலைமையில் இல்லாத எதுவும் சரியாக நடக்காது என்ற எண்ணம் உச்சத்தில் இருந்தது. ரவை கட்டி தட்டுவதுபோல் எனக்குத் தோன்றியது. நேராகப் போய் அண்ணி கையிலிருந்த கரண்டியை வாங்கி, “விடுங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன். நீங்க போய் உக்காருங்க” என்றேன்.

பதினோரு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண்ணை, அவள் தம்பி வீட்டில், நேற்று வந்தவள் போய் உட்காரச் சொல்கிறாள். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர் ஒன்பது வருடமாக எழுந்திருக்கவில்லை. எல்லா விசேஷத்துக்கும் வருவார், ஒன்றையும் தவறவிட்டதில்லை. வந்து ஹாலில் நாற்காலி நுனியில் உட்காருவார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். தண்ணீர் கொடுத்தால் “தேங்க்ஸ்” என்பார். தம்பி பெண்டாட்டியிடம் தேங்க்ஸ். என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உள்ள வாங்க அண்ணி” என்றால், “இருக்கட்டும்மா, விருந்தாளிக்கு உள்ள என்ன வேலை” என்று சிரிப்பார்.

மன்னிப்பும் கேட்டுப் பார்த்தேன். நேரில் கேட்க நாக்கு புரளாமல் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பொங்கல் வாழ்த்துக்கும் அதே கட்டைவிரல்தான்.

இப்போது காவ்யாவின் பூ வைப்பு. எங்கள் வழக்கப்படி பெண்ணை உள்ளேயிருந்து கைப்பிடித்துச் சபைக்கு அழைத்து வர வேண்டியது அவளுடைய அத்தை. காவ்யாவுக்கு இருப்பது ஒரே அத்தை. அவர் மாப்பிள்ளை வீட்டார் முன்னால், “நான் விருந்தாளி, வீட்டு ஆளுங்க யாராச்சும் கூட்டிட்டு வரட்டும்” என்று அதே சிரிப்போடு சொல்லிவிட்டால்? எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், போன இடத்தில் ஸ்பேனரை விட்டுவிட்டு வருகிறார்.

“எங்கக்கா ஒரு தடவ அடுப்படிக்குள்ள கால் வச்சுட்டா போதும் மல்லிகா. மத்தத அவளே பாத்துக்குவா” என்றார்.

எனக்கும் அது தெரியும். எனக்கு அண்ணியைப் பிடிக்கும். அதைச் சொல்ல ஒன்பது வருடமாக வழி தெரியாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

ஹாலில் எட்டு விருந்தாளிகள்

நாற்காலியில் காவல் இருந்த கதைக்கு வருகிறேன். சின்னத்தையை நான் கரண்டி பிடிக்க விடவில்லை. சின்னத்தை நேராக ஹாலுக்குப் போய், அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“என்ன சித்தி, உள்ள போகலையா?” அண்ணியின் குரல்.

“போனேன். செக்போஸ்ட் போட்டு உக்காந்திருக்கா. சட்டியத் தொடக் கூடாதாம்.”

“அப்ப நீங்களும் விருந்தாளிதான். வாங்க, உக்காருங்க. மொத நாளு ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிரும்.”

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. அதன் பிறகு மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து அடுப்படி வாசலில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒருத்தர்கூடத் திட்டவில்லை. திரும்பிப் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். காவ்யா காபி கொண்டுபோனாள். எட்டுப் பேரும் ஒவ்வொருவராக “தேங்க்ஸ்” என்றார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு நறுக்க வேண்டிய கத்தரிக்காய் முழுசாகக் கிடந்தது. தேங்காய் உடைபடவில்லை. பூ கட்டப்படவில்லை. மூன்று கிலோ சின்ன வெங்காயம் தாம்பாளத்தில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டுப் பெண்கள் வந்திருக்கிற வீட்டில் ஒரு வெங்காயம் உரிபடவில்லை என்றால் அது கலகம் என்றே அர்த்தம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருத்தரை உட்காரவைத்தேன். அதைச் சரிசெய்ய நினைத்த நாளில் எட்டுப் பேரை உட்காரவைத்துவிட்டேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஃபட்ஜாவது மண்ணாவது என்று எழுந்தேன். பழக்கதோஷத்தில் சட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை தாங்கியது. அடித்துக் கிண்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கிண்ட ஆரம்பித்தேன். இரண்டு டம்ளர் அளவுக்கு அடிப்பது வேறு, ஐம்பது பேருக்கு அடிப்பது வேறு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது நிமிடம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. அது பழைய வலி. டாக்டர் கை தூக்காதீங்க என்றே சொல்லியிருக்கிறார். இடது கைக்கு மாற்றினேன். அது கரண்டியைப் பிடித்துப் பழகாத கை. சட்டி சுற்றியதே தவிர ஃபட்ஜ் அசையவில்லை. இப்படியே விட்டால் சட்டியோடு இறுகிவிடும்.

அடுப்படி வாசலில் வந்து நின்றேன். கெஞ்சலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கெஞ்சினால் “பரவாயில்லம்மா” என்பார். வேற்றாளிடம்தானே கெஞ்சுவோம்.

“அண்ணி, எந்திரிச்சு உள்ள வாங்க. என் கை போயிருச்சு. வந்து கிண்டுங்க.”

அண்ணி என்னைப் பார்த்தார்.

“விருந்தாளிய வேலை வாங்குறியா?”

“ஆமா.”

“நான் மாட்டேன்னா?”

“மாட்டேன்னா எல்லாம் பாழாப் போகும். ஒங்க தம்பி மக விசேஷம். ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு.”

அண்ணி பிஸ்கட் பாக்கெட்டைச் சின்னத்தை மடியில் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். என்னைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் வீட்டுக்காரர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்தார். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்னடி இது கருமம், தார் கணக்கா இருக்கு” என்று சட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அண்ணி கிண்ட ஆரம்பித்தார். டயர் கழற்றிய கை. சட்டி மேடை மேல் குதித்தது.

மினுமினுப்பு போன நொடி

மூன்றே நிமிடத்தில் மினுமினுப்பு குறைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஒத்திகையிலும் நான் பார்க்காத பதம், அவ்வளவு அழகாகத் திரண்டு வந்தது. நெய் தடவிய தட்டு தயாராக இருந்தது. இதோ, இந்த நொடி. நிறுத்திக் கொட்ட வேண்டும்.

அண்ணி நிறுத்தவில்லை.

ஒன்பது வருடம் கழித்துக் கரண்டி கைக்கு வந்திருக்கிறது. கதையும் சேர்ந்து வருகிறது. கடையில் வேலை பார்க்கிறவன் லீவு போட்ட கதை, மயில் வந்து மொட்டைமாடி வற்றலைத் தின்ற கதை, காவ்யா பிறந்தபோது தான் முதலில் தூக்கிய கதை. சொல்லிக்கொண்டே அடித்தார். சட்டியில் ஓரங்கள் வறண்டு திட்டுத் திட்டாக ஆகத் தொடங்கின.

‘போதும்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாகக் கரண்டியை நோக்கி நீண்டது. அந்தக் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் இதுதான் நீளமானது.

“ம், அப்புறம் என்னாச்சு அண்ணி?” என்றேன்.

அப்புறம் ஃபட்ஜ் உதிர்ந்து போனது. அண்ணி கரண்டியை நிறுத்திவிட்டுச் சட்டிக்குள் பார்த்தார்.

“ஏ மல்லிகா, புட்டு மாதிரி ஆயிருச்சே. இப்படித்தான் வரணுமா?”

“இப்படித்தான் அண்ணி வரணும்.”

“பின்ன என்ன நிக்கிற? சித்தி, எல்லாரும் இங்கிட்டு வாங்க. கையில நெய்யத் தொட்டுக்கிட்டு உருண்டை புடிங்க. ஏம்மா அங்க ரெண்டு பேரு, வெங்காயம் யாரு உரிக்கிறது?”

மிச்சமிருந்த ஏழு விருந்தாளிகளும் எழுந்து உள்ளே வந்தார்கள். அரை மணி நேரத்தில் என் அடுப்படியில் எனக்கு நிற்க இடமில்லை. உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து பிடிக்கப் பிடிக்க, உதிர்ந்தது சேர்ந்து, கொழுக்கட்டை அளவுக்கு உருண்டையாக வந்தது. சின்னத்தை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, தலையில் ஒரு முந்திரி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். வைத்தார்கள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் காபியோடு அந்தத் தட்டுதான் போனது. மாப்பிள்ளைப் பையன் இரண்டு தின்றுவிட்டு, “இது என்ன அத்தை, இந்த மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல” என்றார். பொய்யில்லை. நானும் சாப்பிட்டதில்லை.

நல்ல நேரம் தொடங்கியது. பெரியவர்கள், “பொண்ணக் கூட்டிட்டு வாங்கப்பா” என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

“அத்தைய வரச் சொல்லுங்க” என்று யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள்.

“செத்த இருக்கச் சொல்லுங்க” என்று அண்ணியின் குரல் ஹால் வரைக்கும் வந்தது. “சாம்பார் கொதிக்கிது. இத யாரு பாக்குறது? இந்த வீட்டுல ஒருத்திக்கும் ஒழுங்கா உப்புப் போடத் தெரியல.”

மாப்பிள்ளையின் தகப்பனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை ஆள் போனது. “வாரேன்னு சொன்னேன்ல” என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை போக ஆள் இல்லை. நான் போயிருக்கலாம். போகவில்லை. பட்டுச்சேலையில் ஹால் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அறைக் கதவு திறந்தது. தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக மணப்பெண்ணே வெளியே வந்து, சபையைத் தாண்டி, அத்தனை பேர் பார்க்க அடுப்படிக்குள் போனாள். போய், கையில் கரண்டியோடு நின்ற அத்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.